வழிப்போக்கருக்குச் சமைத்த தேர்

திருவள்ளூர் என்று இக்காலத்தார் வழங்கும் தலத்துக்குத் திருஎவ்வுள் என்பது பழம்பெயர். சாலிஹோத்திரர் என்னும் முனிவர் அவ்விடத்தில் ஓராண்டு முழுவதும் உபவாசமிருந்து, தை அமாவாசையன்று சிறிது அரிசிமாவைப் பாகஞ் செய்து, அதிதிக்கென ஒரு பங்கை எடுத்துவைத்துத் தாம் உண்ண நினைத்தனராம். முதியவர் ஒருவர் வந்தார்; தம் பங்கை உண்டும் பசி தீரவில்லை என்றார். முனிவர் தம்முடைய பங்கையும் ஈந்துவிட்டு மீண்டும் ஓராண்டு பட்டினி கிடந்தார். அடுத்த தை அமாவாசையில் அதே முதியவர் வந்தனர். உண்டு முடித்ததும், களைப்பாயிருக்கின்றது, படுப்பதற்கு 'எவ்வுள்?' என்று வினவினர். முனிவர் தம் குடிலைக் காட்டினார். வந்தவர் பெருமாளே என்பதும், அவ்விடத்திலேயே வீரராகவன் என்னும் திருநாமத்துடன் இன்றளவும் சயனக் கோலத்தில் எழுந்தருளியிருக்கின்றார் என்பதும் தலபுராணம். புராணத்தை நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. ஓர் ஊரின் பெயரே படுக்க இடங்கேட்ட வழிப்போக்கருடைய வாய்ச்சொல்லாக அமைந்திருக்கின்றது என்பதை மட்டும் இங்கே குறித்துவைத்து மேற்செல்கின்றேன். அக்கேள்விக்கு மனிதர் கட்டடத்தினாற் கூறிய விடைகளே இக்கட்டுரைக்குப் பொருள்.

இக்காலத்தில் ஹோட்டல் கட்டுவோர் புதுமை புதுமை என்று தேடி அலைகின்றனர். சுவீடன் தேசத்தின் வடகோடியில் யூக்காஸ்யார்வி என்னும் சிற்றூரில், குளிர்காலந்தோறும் ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்தெடுத்து விடுதியொன்று கட்டுகின்றனர். வேனிலில் அஃது உருகி ஆற்றுக்கே போய்விடுகின்றது. மறு குளிர்காலத்தில் வேறொரு வடிவிற் கட்டுகின்றனர். மரக்கிளையின்மேல் அறை அமைப்பாரும், பழைய ரயில் வண்டிக்குள் படுக்கை அமைப்பாரும் உளர். நம் இளைஞர் இவற்றின் படங்களைக் கண்டு வியக்கின்றனர், வியக்கத்தக்கனவே. ஆயினும் தஞ்சைச் சீமையில் இருநூறு ஆண்டுகட்கு முன்னரே வழிப்போக்கருக்கென்று தேர் வடிவில் ஒரு சத்திரம் எழுந்தது என்பதை அறிந்தார் மிகச் சிலர். அதனைச் சொல்லுமுன் நம் ஜில்லாவின் சாலைகளைச் சற்றே நடந்து பார்ப்பது நலம். ஏனெனில் அத்தேர்ச் சத்திரத்தில் உண்டு உறங்கிய காசி யாத்திரிகர் பலர் நம் சாலைகளின் வழியே வந்தவர். அல்லது இவற்றின் வழியே திரும்பிச் சென்றவர்.

காசிக்கும் சேதுவுக்கும் போக்குவரத்து நெடுநாளையது. கங்கை நீரைச் சுமந்து வந்து இராமேசுவரத்தில் அபிஷேகம் செய்வதும், சேதுக்கரை மணலை எடுத்துச் சென்று கங்கையிற் கரைப்பதும் யாத்திரையின் முறை. வடக்கேயிருந்து நெல்லூர் வழியாக வருபவர் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை, சோழவரம் என்று இறங்கிச் சென்னப்பட்டணம் சேர்வர். நாம் ஜி.என்.டி. ரோடு என்று சொல்லும் வழி அதுவே. திருப்பதிக்குச் செல்வோர் திருவள்ளூர் மார்க்கமாகச் செல்வர். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி ஐயர் 1830-ம் வருஷம் மே மாதம் பெரும் பரிவாரத்தோடு புறப்பட்டுத் திருப்பதி வழியாகக் காசிக்குச் சென்று, 1831-ம் வருஷம் செப்டம்பரில் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய யாத்திரைக் குறிப்புக்கள் அவர் காலஞ்சென்ற பின் 1838-இல் அச்சேறின. நீர் நல்லதா, கடை உண்டா, தங்கச் சத்திரம் உண்டா என்பவற்றை அவர் ஊர்தோறும் ஊன்றிப் பார்த்துச் சென்றார். பல்லக்கில் சென்றவருக்கே அக்கவலை எனில், நடந்து சென்றவர் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

அந்நாளைய சாலைகளில் வழிப்போக்கருக்கென இருந்தவற்றுள் மிகச் சிறியது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர், அவ்வளவே. சூல்கொண்டு மகப்பேற்றுக்கு முன்னரே இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம். அவள் இறக்கமாட்டாது போன சுமையைப் பிறராவது இறக்கட்டும் என்பது கருத்து. அதன் உயரத்தைக் கவனித்தவர் உளரோ? ஆளின் தோள் மட்டத்துக்கு அது நிற்கும். தரையில் இறக்கிய தலைச்சுமையை மீண்டும் தூக்கிவிடப் பிறனொருவன் வேண்டும்; தோள் மட்டத்துக் கல்லின்மேல் தள்ளி வைத்தால், தனிவழி வருபவன் தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளலாம். மூன்று கல்லால் ஆன இக்கட்டடத்தைச் செய்தவன் சிற்ப சாஸ்திரம் படித்தவனல்லன். சுமை தூக்கி நடந்தவன், அல்லது நடந்தவனை உற்றுப் பார்த்தவன்.

வீட்டுத் திண்ணையும் அத்தகையதே. கதவைத் தாழிட்டு உறங்கும் குடும்பத்தாருக்கு அச்சமில்லை. கதவுக்கு வெளியே கூரையின் கீழ்ப் படுத்திருக்கும் அயலானுக்கு மழையும் பனியும் இல்லை. யாரையும் எழுப்பி அனுமதி கேட்கவேண்டுவதும் இல்லை. இக்காலத்து வீடு கட்டுவோர் முதலில் துறந்தது இத்திண்ணையைத்தான். காரணமும் இல்லாமலில்லை, சாலையில் நடந்து வருபவரே அற்றுப்போயினர்.

நிற்க. சுமைதாங்கியும் திண்ணையும் ஓரிருவருக்குப் போதும்; நூறு பேர் சேர்ந்து வரும் பெருவழிக்குச் சத்திரம் வேண்டும். நம் ஜில்லாவில் சத்திரம் என்னும் சொல் ஊர்ப் பெயர்களிலே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே திருப்பதிச் சாலையில் கனகம்மாசத்திரம். பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் செல்லும் வழியில் புதுச்சத்திரம். வடக்குச் சாலையில் சோழவரத்தை அடுத்து ஜனப்பன்சத்திரம். கனகம்மாள் யார், எவ்வூரார் என்று அவ்வூரில் பஸ் ஏறி இறங்குபவரைக் கேட்டால் சிரிப்பர். ஜனப்பன் என்பது ஒருவருடைய பெயரன்று. ஒரு வகுப்பின் பெயர். ஜனபம் என்று தெலுங்கில் வழங்கும் சணலைக்கொண்டு கோணிப்பை செய்து விற்ற வணிகரை ஜனப்பர் என்பர். 1909-இல் வெளியான தர்ஸ்டன் துரையின் ஜாதி வரலாற்று நூலிலும் இதைக் காணலாம். இன்னார் இன்ன ஆண்டிற் கட்டினர் என்று யான் கூறவில்லை. பெயர் சொல்வதையே சொல்கின்றேன். பெருஞ் செல்வர் என்று பெயர் பெறாத ஒரு வகுப்பு, கோணிப்பை விற்ற காசில், போகும் வழியில் எல்லாருக்குமாக ஒரு நிழலை நிறுத்தியிருக்கின்றது என்றால், அப்பெயர் தாங்கிய கூட்டு ரோட்டில் இறங்கும்போது நம்போன்ற சங்கத்தார் ஒருகணம் நின்று பார்க்கக் கடமைப்பட்டவர்.

இனித் தேர்ச் சத்திரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் சேது யாத்திரிகர் தஞ்சையை அடைந்து, அங்கிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரையைப் பிடித்து இராமேசுவரம் செல்வர். மதுரைச் சீமையில் 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை எல்லாரும் அறிவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் சத்திரம் இன்றும் உள்ளது. தஞ்சை மராட்டிய மன்னரும் அவ்வாறே சேதுச் சாலை நெடுகிலும் சத்திரங்களை அமைத்தனர்; அவற்றுட் பலவற்றுக்கு அரண்மனைப் பெண்டிர் பெயரையே இட்டனர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. தஞ்சையிலிருந்து தெற்கே சுமார் பதினைந்து மைலில், அதாவது காலையிற் புறப்பட்டவன் மாலையிற் சேரும் தொலைவில், ஒரத்தநாடு உளது. அங்கே இரண்டாம் சரபோஜி மகாராஜா எழுப்பியதே முக்தாம்பாள் சத்திரம். 1800-ஐ அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் அஃது எழுந்தது. ஊருக்கும் முக்தாம்பாள்புரம் என்று பெயராயிற்று.

முக்தாம்பாள் பட்டத்து ராணி அல்லள். சரபோஜியின் அன்புக்குரிய காதற்கிழத்தி. தன் பெயரால் அன்னதானச் சத்திரம் ஒன்று நிலைபெறவேண்டும் என்பதே அவளுடைய கடைசி விருப்பம் என்று சொல்வர். மணமாலை பெறாத ஒருத்தியின் பெயரை அரசாங்கப் பெருவழியில், ஊரார் உண்டு வாழ்த்தும் கட்டடத்துக்குச் சூட்டியது அக்காலத்தில் எளிய செயலன்று. மகாராஜாவின் மற்றக் காரியங்களைப் பற்றி என்ன சொன்னாலும், இதில் அவருடைய நெஞ்சுரத்தை யான் மதிக்கின்றேன்.

அக்கட்டடத்தின் அடிப்புறம் தேராகச் செதுக்கப்பட்டது. கல்லிற் சக்கரங்கள், அச்சக்கரங்களை உருட்டி இழுத்துச் செல்வனபோலக் குதிரைகளும் யானைகளும். மேலே தூண்களும் மண்டபமும். இதனைக் காண்பார்க்கு இவ்வமைப்பு புதிதன்று என்று தோன்றும், உண்மையே. தாராசுரத்தில் இரண்டாம் இராஜராஜ சோழன் காலத்து மண்டபத்துக்குச் சக்கரமும் குதிரையும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பூட்டப்பெற்றன. ஒரிஸா தேசத்துக் கொணாரக்கிலே சூரியனுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேர்க்கோயில் எழுந்தது. ஆனால் அவையனைத்தும் தெய்வத்துக்கு. ஒரத்தநாட்டில் சிற்பி புதிதாகச் செய்தது உருவத்தையன்று. அவ்வுருவுக்குள் யாரை இருத்துவது என்னும் தீர்மானத்தை. கால் கொப்புளித்து, புழுதி படிந்து, பெயர் தெரியாமல் வந்து விழுபவனை, சுவாமி எழுந்தருளும் வாகனத்தில் ஏற்றிவைத்தனர். அதிதியைத் தெய்வமென்பது நம் தேசத்தில் குழந்தைகளும் ஒப்பிக்கும் வாக்கியம். அதைக் கல்லிற் பொறித்து, உள்ளே இலையும் போட்டுக் காட்டியவர் சிலரே. அன்றியும் பல நாள் நடந்தே வந்தவனுக்குத் தேர் என்பது எவ்வளவு இனிய காட்சியாயிருக்கும்! நகராத தேர்தான்; எனினும் அன்றிரவு அவன் நடக்கவேண்டுவதில்லை.

இவ்வுருவத்தை மட்டும் பார்த்து வந்தவர், நல்ல வேலைப்பாடு என்று சொல்லித் திரும்பிவிடுவர். அதனுள் நடந்த ஒழுங்கை அறிய வேறோர் ஆதாரம் இருக்கின்றது. 1799-ம் வருஷத்து உடன்படிக்கையால் தஞ்சை இராஜ்யத்தின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. சரபோஜிக்கு எஞ்சியவை கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும் வருமானத்தில் ஒரு பங்குமே. அந்நிலையில் 1801-இல் ரெஸிடெண்டு டாரின் துரைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களையும் அவற்றுக்கு விட்ட நிலங்களையும் தம்மிடமே விட்டுவைக்கவேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். இராஜ்யத்தை இழந்தவர் சேனையைக் கேட்கவில்லை, கோட்டைகளைக் கேட்கவில்லை. தஞ்சை தர்ம ராஜ்யம் என்று பிற தேசத்தார் சொல்லும் பெயரையே தமக்கு வாய்த்த பெருமைகளுள் முதலாவதாகக் கருதுவதாக எழுதினார்.

அக்கடிதத்திற் கண்ட செய்திகளை என் சொற்களிலே தருகின்றேன். பிராமணர் முதல் பறையர் ஈறாக வருவோர் அனைவருக்கும், யோகி ஜங்கமர் பைராகி முதலிய யாத்திரிகர் உட்பட, சமைத்த அன்னம் இடப்பட்டது. சமைத்ததை உண்ண இசையாதார்க்கு அரிசியும் பிற பண்டங்களும் அளக்கப்பட்டன. நடு இரவு வரையில் அன்னம் படைத்து, பிறகு மணியடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருப்பின் வருக என்று கூவி அழைத்தனர். குழந்தைகளுக்குப் பால். நிறைசூலியாக வந்த பெண்ணுக்குத் தங்கிப் பிரசவித்துத் தேறும்வரை பராமரிப்பு. நோயுற்றவருக்கு, வழி நடக்க வலிமை வருமளவும் இருக்கையும் மருந்தும். விஷக்கடி, வீக்கம் முதலியவற்றைத் தீர்க்க வைத்தியர் அங்கேயே இருந்தனர். வேதம் ஓதுவிப்போரோடு எழுத்தறிவிக்கும் உபாத்தியாயரும் இருந்தனர். வந்த இடத்தில் தாய் தந்தையர் இறந்து அநாதையான பிள்ளைகளை அவ்வுபாத்தியாயர் வசம் ஒப்புவித்து, நாள்தோறும் மூன்று வேளை உணவும், நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய்க் குளியலும், துணியும் தந்து, அவரவர் விரும்பிய வித்தையைக் கற்பித்து, விவாகச் செலவையும் சத்திரமே ஏற்றது.

வாசகர்கள் அந்நடுநிசி மணியைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். இருட்டில் வழி தப்பி வந்தவன், கூச்சத்தால் மரத்தடியில் ஒதுங்கியவன், காய்ச்சலிற் கண்ணயர்ந்தவன், இவர்களெல்லாம் தாமாக வந்து கேட்கமாட்டார்கள் என்பதை அறிந்தவர் எவரோ அம்மணியை மாட்டியிருக்கின்றார். தேர்ச் சக்கரத்தைச் செதுக்கிய உளியைவிட இம்மணியை மாட்டிய கை கூர்மையானது என்பது என் அபிப்பிராயம். அரிசி அளந்த ஏற்பாட்டையும் அவ்வாறே கொள்க. அது ஜாதி வேற்றுமையை ஒழித்துவிடவில்லை; அவ்வேற்றுமையைக் காரணங்காட்டி ஒருவரையும் வாயிலில் நிறுத்தாமல் இருக்க ஒரு வழி கண்டது. அக்காலத்துச் சத்திரங்கள் யாவும் இப்படி இருந்தன என்று எண்ணற்க. ஒரு வருணத்தாருக்கே அன்னமிட்டு, மற்றையோரை வெளித்தாழ்வாரத்தில் நிறுத்தியவை பல. தாழ்வாரத்துக்கும் விடாதவையும் உண்டு.

சரபோஜி 1832-இல் மறைந்தார். அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறக்கவே இராஜ்யமும் முடிந்தது. சத்திரங்கள் கும்பினியாரிடமும், பிறகு ஜில்லா போர்டாரிடமும், இக்காலத்தில் ஜில்லா கலெக்டர் மேற்பார்வையிலுள்ள நிர்வாகத்தினிடமும் வந்தன. யாத்திரிகர் ரயிலேறிவிட்டதால் அன்னதானத்துக்கு விட்ட வருமானத்தின் பெரும்பகுதி கல்விக்குத் திருப்பப்பட்டது. திருவையாற்றுச் சத்திரத்திலிருந்து தோன்றிய ஸம்ஸ்கிருத பாடசாலை பின்னர் ராஜா கல்லூரியாயிற்று. ஒரத்தநாட்டுத் தேரிலும் பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும் நடந்தன. இதனைக் குறை கூறுவார் உளர், யான் கூறேன். அநாதைப் பிள்ளைக்கு எழுத்தறிவித்த இடத்தில் ஏழைப் பிள்ளை தங்கிப் படித்தது கொடையாளியின் கருத்துக்கு அயலன்று.

ரயில் வந்த கதையும் நம் ஜில்லாவைச் சார்ந்ததே. 1856-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் திருவள்ளூர் வழியேதான் சென்றது. அந்நூற்றாண்டு முடியுமுன் கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே கூடூர் மார்க்கமும் திறந்தது. ஒரு பகற்பொழுது நடந்த தூரத்தை ஒரு மணியிற் கடக்க முடிந்தபின், இடைவழிச் சத்திரங்களுக்கு வேலையில்லாது போயிற்று. யாத்திரிகன் இறங்கும் இடங்களில் சோறு விற்கும் கடைகள் எழுந்தன. ஹோட்டல் என்ற சொல் மேனாட்டில் படுக்கும் இடத்தைக் குறிக்க, நம் நாட்டில் உண்ணும் இடத்தைக் குறிப்பதாயிற்று. படுக்கையையும் சோற்றையும் சேர்த்துத் தந்த சத்திரம் இரண்டாய்ப் பிளந்ததற்கு இச்சொல் மாற்றமே சாட்சி.

சோறு விலைக்கு வந்ததும் வாயிலில் பலகை வந்தது. பிராமணர்க்கு ஓரிடம், இதரருக்கு ஓரிடம் என்று ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையிலும் எழுதிவைத்தனர். அப்பலகைகள் 1941-இல்தான் நீங்கின. பொதுச் சாலை, கிணறு, பொது ஜனங்கள் கூடும் இடங்கள் எல்லாம் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கும் உரியன என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் 1924-இல் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாஸனத்தின் பதினைந்தாம் பிரிவு, ஜாதி முதலிய காரணத்தால் ஒருவரும் உள்ளே விடப்படாதிருக்கலாகாத இடங்களை எண்ணுமிடத்துக் கடைகளையும் போஜனசாலைகளையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது. தேசத்தின் தலையாய சட்டத்துள் ஹோட்டல் என்ற சொல் இடம்பெற நேர்ந்ததற்குப் பின்னே எத்தனை பேர் வாயிலிலிருந்து திரும்பிச் சென்றிருக்கவேண்டும்!

இனி, இக்காலத்தார் புதுமைகளுள் மெய்யாகவே சிந்தனைக்குரிய இரண்டைச் சொல்வேன். இலங்கையில் தம்புள்ளைக்கருகே கந்தளாமை ஏரிக்கரையில் 1994-இல் திறந்த ஹோட்டலை அமைத்தவர் ஜெப்ரி பாவா. சட்டம் படித்து வக்கீலாயிருந்து பின்னர்க் கட்டடக்கலைக்கு வந்தவர். நம் சென்னைக் கன்னிமரா ஹோட்டலையும் 1970-களில் விரிவுபடுத்தினார். முதலில் சிகிரியாக் குன்றின் அடியிலேயே கட்டுவதாக இருந்தது. அப்பழம்பெருங் குன்றின் காலடியில் ஹோட்டல் ஆகாது, எட்ட நின்று காண்பதே தகும் என்று அவர் வேறிடம் தெரிந்தார். 152 அறைகள் கொண்ட நீண்ட கட்டடம் பாறையோடு பாறையாக ஒட்டி, கொடிகள் மேலே படர்ந்து மூடக் காடு போலவே நிற்கின்றது. ஏரியைச் சார்ந்து வாழ்ந்த சுற்றுப்புறத்தாரும் பிக்ஷுக்களும் கட்டுங்காலத்திலே அதனை வன்மையாக எதிர்த்தனர் என்பதையும் சொல்லியாகவேண்டும்; விருந்தினனை நினைத்த அளவு ஊராரை நினைத்தனரா என்னும் கேள்வி எந்த ஹோட்டலுக்கும் உண்டு.

மற்றொன்று ஜப்பான் தேசத்து ஒஸாகா நகரில் 1979-இல் கிஷோ குரோகாவா என்னும் சிற்பி அமைத்த பெட்டி விடுதி. ஒரு மனிதன் நீட்டிப் படுக்கவும் எழுந்து உட்காரவும் மட்டும் போதுமான பெட்டிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினர். கடைசி ரயிலைத் தவறவிட்ட உத்தியோகஸ்தன் வீடு திரும்ப முடியாமல் விழித்திருக்க வேண்டாம் என்பதே நோக்கம். அவ்வமைப்பை 2021-இல் நம் ரயில்வேயாரும் பம்பாய் சென்ட்ரல் நிலையத்திற் கொண்டுவந்தனர். பெட்டிக்குள் மனிதனை அடைப்பதா என்று முகஞ் சுளிப்பவர், நிலையத்துத் தரையில் துணி விரித்துப் படுத்திருப்பாரைப் பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும். ஒரத்தநாட்டுத் தேரும் ஒஸாகாப் பெட்டியும் பார்வைக்கு எட்டாத் தொலைவினவாயினும், இரண்டும் பிறந்த கேள்வி ஒன்று: இரவில் வந்து சேர்பவன் யார், எந்நிலையில் வருகின்றான்?

அக்கேள்வியை நம் கும்மிடிப்பூண்டியில் இன்று கேட்டுப் பார்ப்போம். 1971-இல் ஏற்பட்ட சிப்காட் ஸ்தாபனம் அமைத்த தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும் பிறவும் நிரம்பியுள்ளன. அவற்றில் உழைப்போரில் பலர் பீகார், ஒரிஸா, வங்காளம் முதலிய தேசங்களிலிருந்து வந்தவர். பழைய நாளில் கங்கை நீர்ச் செம்போடு வந்த அதே திசையிலிருந்து இவர்கள் ஒரு பையுடன் ரயிலில் வந்து இறங்குகின்றனர். ஒரு சிற்றறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். பகல் ஷிப்டுக்குச் சென்றவன் பாயில் இரவு ஷிப்டு முடித்தவன் படுக்கின்றான். பாய் குளிர்வதே இல்லை. சத்திரம் என்னும் பெயரை ஊர்தோறும் சுமக்கும் ஜில்லாவில், வந்து இறங்குபவனுக்கு முதல் இரவு தங்கச் சத்திரமில்லை.

செய்யமுடியாத காரியமன்று. காஞ்சீபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதித் தொகுதி ஒன்றைச் சிப்காட்டாரே ரூ. 706.50 கோடியில் கட்டி 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் திறந்தனர். சக்கரமில்லை, குதிரையில்லை, ஆயினும் அளவில் இஃதே நம் காலத்துச் சேதுச் சாலைச் சத்திரம். அங்கே நோயுற்றவளுக்கு இரவில் யார் துணை, உண்ணாமல் உறங்கியவளை எழுப்ப மணி உண்டா என்பனவற்றை அதனை நடத்துவோர் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அரசாங்கம் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டு நாம் கைகட்டி நிற்பது முறையாகாது. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பல வகுப்பாரின் சங்கங்களுக்கு முன்னோர் வைத்த சத்திரங்கள் உண்டு. அவற்றின் வாயிலில் சத்திரம் என்றே இன்றும் எழுதியிருக்கும். உள்ளே நடப்பது கல்யாண வாடகை. சத்திரம் பார்த்தாயிற்றா என்று இக்காலத்தில் ஒருவர் கேட்டால், பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று என்று பொருள். கல்யாணத்துக்கு இடம் தருவதும் உபகாரமே; வாடகையால் வரும் பணம் பிள்ளைகளின் படிப்புக்குச் செல்லுமாயின் அதனையும் பழிக்கலாகாது. ஆனால் ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் முகூர்த்தமில்லை. ஏனைய மாதங்களிலும் முகூர்த்த நாட்கள் எண்ணிச் சொல்லத்தக்கவை. ஆண்டிற் பாதிக்கு மேல் அக்கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அதே நாட்களில், பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியே நடைபாதையில் படுப்பவர் எத்தனை பேர்! உத்தியோகப் பரீக்ஷை எழுத ராமநாதபுரத்திலிருந்து வந்து பஸ் நிலையத்தில் விடியுமட்டும் விழித்திருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தேர்ச் சிற்பம் வேண்டாம். கூடத்தில் தடுப்புப் பலகை வைத்து இருபது கட்டில், கழுவிய குளியலறை, பூட்டும் பெட்டி, இரவில் விழித்திருக்கும் ஓர் ஆள், இவை போதும். எவ்வகுப்பினர் என்று வாயிலிற் கேளாமலிருக்க மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

இதற்குப் பணத்தைக் காட்டிலும் முதலில் வேண்டுவது காகிதம். ஒவ்வொரு சத்திரத்துக்கும் அதனை வைத்தவர் எழுதிய தர்ம சாஸனம் ஒன்று இருக்கும். எங்கோ ஓர் இரும்புப் பெட்டியிலோ, வக்கீல் வீட்டு அலமாரியிலோ. நிர்வாக சபையார் அடுத்த கூட்டத்துக்கு முன் அதனை எடுத்து விரித்து, யாருக்காக இக்கட்டடம் என்று அதில் எழுதியிருக்கும் வரியை உரக்கப் படிக்கவேண்டும். அவ்வரியில் வழிப்போக்கர் என்றோ பரதேசி என்றோ யாத்திரிகர் என்றோ ஒரு சொல் இருக்குமானால், பூட்டிய கூடத்தின் சாவி யாரிடம் இருக்கின்றது என்பதையும் அக்கூட்டத்திலேயே விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாராக.